சிவப்பு வட்டம் போட்ட ஏழு பேர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பறைக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை, என் மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலியைத் தூக்கி என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டது. எதிரெதிரே உட்கார்ந்தால் பெற்றோருக்கு விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு குழந்தையைப் பற்றிப் பேசலாம். அடுத்த வேலை, மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை எடுத்து இழுப்பறைக்குள் ஒளித்து வைப்பது. அது கண்ணில் பட்டாலே சில அம்மாக்களுக்கு அழுகை வந்துவிடும். நாம் அழப்போகிறோம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் பேச்சின் வரிசை. முதலில் குழந்தையின் கெட்டிக்காரத்தனம் ஒன்று, பிறகு குறும்பு ஒன்று, கடைசியில்தான் மதிப்பெண். பன்னிரண்டு வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த வரிசை ஒருநாளும் பிசகியதில்லை.

மதிப்பெண் என்று நான் சொல்வது எழுத்தொலித் தேர்வின் மதிப்பெண். ஆறு வயதுக் குழந்தை எழுத்துகளைப் பார்த்து, ஒவ்வொன்றின் ஒலியையும் சேர்த்து, ஒரு சொல்லாகச் சொல்கிறதா என்று பார்க்கிற தேர்வு. ஒரே தாளில் நாற்பது சொற்கள். பிள்ளை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லும், நான் என் தாளில் சரியும் தப்பும் போடுவேன். ரொம்பத் திணறினால் நடுவிலேயே நிறுத்திவிடலாம் என்று விதி இருக்கிறது. இருபதுக்குக் கீழே போனால் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டம் விழுந்த பிள்ளை, மற்றவர்கள் ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் போகிற நேரத்தில் தனிப்பயிற்சிக் குழுவில் உட்கார வேண்டும், அந்த வருடம் முழுக்க. என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். வழக்கமாக இரண்டு வட்டம் விழும், மிஞ்சிப்போனால் மூன்று. இந்த வருடம் ஏழு. எண்ணிப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. சரி, இந்த வருடத்துக் கூட்டம் கொஞ்சம் மெதுவு போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரையே சமாதானப்படுத்துகிறவளுக்குத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளவா தெரியாது?

இந்தச் சமாதான வேலையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற வகுப்புகளின் சிக்கலான பெற்றோரைக்கூட என்னிடம்தான் அனுப்பி வைப்பார்கள். "உங்ககிட்ட பேசிட்டு யாரும் அழுதுட்டே போனதில்ல" என்பார் தலைமையாசிரியை. போதாக்குறைக்கு இந்த வருடம் தேர்வுக்கு இடம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெருமையும் சேர்ந்துகொண்டது. போன வருடம்வரை நூலகத்தில் நடத்தினோம். பக்கத்திலேயே விளையாட்டுத் திடல், ஒரே இரைச்சல். நான்தான் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் முதலுதவி அறையைச் சொன்னேன். ஒரு கட்டில், பச்சைத் திரை, கை கழுவும் தொட்டி, நன்றாகச் சாத்திக்கொள்கிற கதவு. மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கும் அமைதி. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை எழுந்து நின்று பாராட்டினார். ஆண்டறிக்கையில் அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி வேறு எழுதினார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் தலை இரண்டு விரற்கடை உயரமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

வட்டம் விழுந்த ஏழு பிள்ளைகளின் வீட்டுக்கும் முந்தின நாளே கடிதம் கொடுத்து வரச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்குள் மூன்று பேரைப் பேசி அனுப்பிவிட்டேன். மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். வீட்டில் நன்றாகப் படிக்கிறானே டீச்சர், சோப்பு உறையைக்கூட விடுவதில்லையே டீச்சர். இதை நான் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். இதற்கென்று என்னிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது வேறு, தனியாகப் படிப்பது வேறு. குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேண்டும், அவ்வளவுதான். சொல்கிற விதத்தில் சொன்னால் அந்தப் பதில் எல்லோரிடமும் வேலை செய்யும். மூன்று பேரிடமும் செய்தது.

நான்காவதாக வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையைக் கழுவியும் நகக்கண்ணில் தங்கிவிட்ட கிரீஸ். மகளைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்தப் பெண்ணை நான் மனசுக்குள் முயல் என்றுதான் கூப்பிடுவேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறேன், வெளியே சொல்வதில்லை. இவள் இருந்த இடத்தில் இருக்க மாட்டாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டுப் பார்த்தால் மூன்று வரிசை தள்ளி இருப்பாள். முயல் நன்றாகக் கதை சொல்கிறாள் என்று ஆரம்பித்தேன். பென்சில் சீவுகிற சாக்கில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எழுந்து போகிறாள் என்றேன். சிரித்தார். அப்புறம் மதிப்பெண்ணைச் சொன்னேன்.

"ஆறா?" என்றார். "நாப்பதுக்கா?"

"ஆமா சார். ஆனா நீங்க இதைப் பெருசா எடுத்துக்க வேணாம். ஒவ்வொரு குழந்தைக்கும்..."

"நான் எடுத்துக்கல டீச்சர். நீங்க கவலைப்படாதீங்க. அவ படிச்சிடுவா."

இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு, கத்தியவர்கள் உண்டு, பக்கத்து வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டவர்கள் உண்டு. என்னைச் சமாதானப்படுத்தியவர் இவர்தான் முதல். அவர் குரலில் பொய் இல்லை. மகளைப் பற்றிய பேச்சு வந்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்து உட்கார்ந்துகொண்டது. விடுமுறை நாளில் அவளையும் வேலைக்குக் கூட்டிப் போவாராம். லிஃப்ட் உள்ளே ஒட்டியிருக்கிற எச்சரிக்கையை எல்லாம் அவள்தான் வாசித்துக் காட்டுவாளாம். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ, மாட்டிக்கொண்டால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எல்லாவற்றையும். என் தயார் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு அவளுக்கு வேற நெனப்பு டீச்சர். வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரே பெருமை. 'அப்பா, இன்னைக்கு ஊசி போடற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் கைய இறுக்கிப் புடிச்சிட்டே இருந்தேன், விடவே இல்ல. டீச்சரால ஊசி போடவே முடியல'ன்னு. தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டா." சொல்லிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஊசி போடற ரூம்? "எந்த ரூம் சார்?" என்றேன். "தடுப்பூசி போட்டாங்களே, அதே ரூம்தான். கட்டில் போட்டு, பச்சைத் திரை இருக்குமாமே" என்றார். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் பள்ளியில் இரண்டு நாள் தடுப்பூசி முகாம் நடந்தது. அந்த இரண்டு நாளும் நான் விடுப்பில் இருந்தேன், அக்கா வீடு மாறினாள். என் வகுப்பைப் பக்கத்து வகுப்பு டீச்சர்தான் அழைத்துப் போனார். எந்த அறையில் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் முன்னாலேயே என் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப் படித்தது என்று அருகிலேயே ஒரு வரி எழுதி வைப்பது என் வழக்கம். முயலுக்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: விரல் வைத்துப் படிக்கவில்லை. வலது கையால் இடது தோளைப் பிடித்திருக்கிறாள். கண் கதவின் மேல். அடுத்த பெயர்: உடம்பைக் கோணி உட்காருகிறான், விரல் வைக்கவில்லை. அதற்கடுத்தது: கையைக் கட்டிக்கொண்டே படிக்கிறாள், கவனம் இல்லை. ஒரு பிள்ளை தண்ணீர் வேண்டும் என்று இரண்டு தடவை வெளியே போயிருக்கிறது. அழகாக, கோடு போட்ட மாதிரி எழுதி வைத்திருந்தேன். எழுதியவளுக்குக் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. புத்தி எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை.

"சார், ஒரு பத்து நிமிஷம் இருக்க முடியுமா?" என்றேன். முதல் தடவையாக அவர் முகத்தில் கவலை தெரிந்தது. "ஏன் டீச்சர், ஏதாவது தப்பா?" என்றார். "தப்புதான். உங்க பொண்ணு மேல இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன்.

தலைமையாசிரியையின் அறை அலமாரியில் தடுப்பூசிப் பதிவேடு இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்குமேல் வெளியே அவரவர் மருத்துவரிடம் போட்டுக்கொண்டவர்கள். பள்ளியில் போட்டுக்கொண்டவர்கள் என் வகுப்பில் ஒன்பது பேர். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். ஒன்பதில் ஆறு பேர் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தார்கள். மற்ற மூன்று பேரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று மயிரிழையில் தப்பியவர்கள். வட்டத்துக்குள் இருந்த ஏழாவது பெயர் மட்டும் அந்தப் பதிவேட்டில் இல்லை. அது நான் மனசுக்குள் மேஸ்திரி என்று கூப்பிடுகிற பையன். அவன் ஊசி போட்டுக்கொண்டது வேறு எங்கோ. அவனுக்கு அந்த அறை வெறும் அறைதான்.

"மேடம், கல்வி ஆபீஸுக்கு ரிசல்ட்டை அனுப்பிட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டு மணிக்குள்ள அனுப்பணும். அதுக்கப்புறம் மாத்த முடியாது. ஏன்?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம், "அந்த ரூமைப் பத்தி நான் ஒரு பாரா எழுதியிருக்கேன்" என்றார்.

"தெரியும் மேடம்."

"மறுபடி தேர்வு வச்சா காரணம் கேப்பாங்க. என்ன எழுதறது? குழந்தைங்க கட்டிலைப் பார்த்துப் பயந்துட்டாங்கன்னா?"

"வகுப்பு டீச்சர் விசாரிக்காம ரூமைத் தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பழுத்தவர். ஆளை எடை போட அவருக்கு ஒரு பார்வை போதும். "ஏற்கெனவே மூணு பேரைச் சமாதானம் பண்ணி அனுப்பிட்டீங்களே. என்ன சொன்னீங்க?" என்றார்.

"குழந்தைக்கு டைம் வேணும்னு சொன்னேன்."

"இப்ப?"

"எனக்குத்தான் டைம் வேணும் மேடம். ரெண்டு மணி வரைக்கும்."

தேர்வு நாளன்று வராத பிள்ளைகளுக்கென்று அனுப்பியிருந்த மாற்றுத் தாள் உறை பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "ரெண்டு மணி ஒரு நிமிஷமானாலும் இருக்கறதை அனுப்பிடுவேன்" என்றார் கண்டிப்பாக. கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். ஆண்டறிக்கையைப் பிரித்து அந்தப் பத்தியின் குறுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் காத்திருந்த நான்கு வீட்டாரிடமும் நின்றபடியே சொன்னேன். வரிசை, பக்கத்து நாற்காலி எதுவும் இல்லை. தேர்வு வைத்த அறை தப்பு, தேர்ந்தெடுத்தது நான், பிள்ளைகளை இன்றைக்கே திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன், குழந்தை வீட்டில் இருந்தால் கூட்டி வாருங்கள் என்று நான்கே வாக்கியம். முன்பே போய்விட்ட மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு பேர் உடனே கிளம்பிவிட்டார்கள். மூன்றாவது அம்மா, "டீச்சர், நேத்து லெட்டரைப் பாத்துட்டு அவனை ஒரு அடி வச்சிட்டேன்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும் என்று பெயர். ஆனால் இதற்கு ஆறுதல் சொல்லக் கூடாது. "அந்த அடி எனக்கு விழ வேண்டியதும்மா. கூட்டிட்டு வாங்க" என்றேன்.

காத்திருந்தவர்களில் மேஸ்திரியின் அம்மாவும் ஒருவர். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகனோடு வந்திருந்தார். மேஸ்திரி என்று நான் பெயர் வைத்ததற்குக் காரணம், விளையாட்டு நேரத்தில் கட்டைகளை அடுக்கும்போது அவன் இடுப்பில் கை வைத்து நிற்கிற நிற்பு. ஒரு கட்டை கோணலாக இருந்தால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்டச் சொல்லுவான். நான் பேசி முடித்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப எங்க பையனுக்கும் அதான் காரணமா டீச்சர்?" என்றார். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "எல்லாரையும் திரும்பக் கேக்கறேம்மா" என்று பூசி மெழுகிவிட்டு நகர்ந்துவிட்டேன். பழக்கதோஷம்.

இனி எந்த அறை என்று நானாக முடிவு செய்கிற தெம்பு எனக்கு இல்லை. முயல் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "எங்க உக்காந்து படிக்கலாம்னு நீ சொல்லு" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். ஊசி எதுவும் இல்லை என்று உறுதியானதும், "செருப்பு வைக்கிற எடம்" என்றாள். மாடிப்படிக்குக் கீழே, செருப்பலமாரிகளுக்கு நடுவில், பிள்ளைகள் உட்கார்ந்து காலணி மாட்டுகிற ஒரு தாழ்ந்த பெஞ்சு இருக்கிறது. காலுறை வாடை அடிக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்த எந்தப் பிள்ளையும் பயந்ததில்லை. அது வீட்டுக்குக் கிளம்புகிற இடம். முழங்கால் முகவாயில் இடிக்க நானும் அதில் உட்கார்ந்தேன். பெற்றோர்கள் தாழ்வாரத்தின் மறுமுனையில் நின்றார்கள். பார்க்கலாம், கேட்காது.

முயல் தாளை மடியில் வைத்தாள். விரலை முதல் சொல்லின் கீழே ஊன்றினாள். அப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் பாட்டுக்கு ஓடினாள். ஒரு சொல்லில் தப்பாகச் சொல்லி, தானே நின்று, திரும்பி வந்து, திருத்திக்கொண்டு ஓடினாள். முப்பத்து மூன்று. முடித்ததும் எழுந்து போய் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிப் பார்த்தாள். நான் தூரத்தில் நின்ற அவள் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவருக்கு வியப்பே இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ சொன்னார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். இருபத்தொன்பது, இருபத்தாறு, முப்பத்தொன்று. அடி வாங்கிய பையன் முதலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது சொல்லுக்கு மேல்தான் தாளைப் பார்த்தான், இருபத்து நான்கு எடுத்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போன அம்மா கடைசிவரை அவனைக் கீழே இறக்கவில்லை. ஒரு பெண் சரியாக இருபதில் வந்து நின்றாள். ஆறு பேரும் தாண்டிவிட்டார்கள். எனக்குக் கர்வம் வந்தது என்றால் அது என்னைப் பற்றியது இல்லை. இந்தப் பிள்ளைகள் படிக்கத் தெரிந்தவர்கள், நான் அவர்களைத் தெரியாதவர்கள் என்று எழுதி வைத்த பிறகும் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள். அது போதும் எனக்கு.

மேஸ்திரியின் முறை வந்தபோது மணி ஒன்றேகால். போன தடவை ஒன்பதாவது சொல்லில் நான் நிறுத்தினேன், மூன்று சரி. திணறுகிறதே, பாவம் என்று நிறுத்தினேன். விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. இந்தத் தடவையும் அவன் ஒவ்வொரு எழுத்தாக ஒலியைச் சொன்னான். தனித்தனியாக ஒலிகள் சரியாகத்தான் இருந்தன. சேர்க்கும்போது எங்கோ சிதறிவிட்டது. பதினொன்றாவது சொல்லில் நெற்றியில் வியர்த்துவிட்டது. போதும்டா கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பேனாமேல் கையை வைத்தான். "இருங்க டீச்சர். வரேன்" என்றான்.

இருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று. ஒரு சொல்லைச் சேர்ப்பான், காதில் விழுந்தது பிடிக்காமல் பிரித்துப் போடுவான், மறுபடி சேர்ப்பான். தப்பாகத்தான் வரும். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவான். இருபத்தேழாவது சொல் சட்டென்று சரியாக வந்தபோது, அவனே திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். தாழ்வாரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் முயலைத் தோளில் ஏற்றிக்கொண்டு எப்போதோ வேலைக்குப் போயிருந்தார். மறுமுனையில் மேஸ்திரியின் அம்மா மட்டும் தனியாக நின்றார். மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் ஆனதையும் தன் மகனுக்கு அரை மணி ஆவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தோடு மாடிப்படியில் வந்து நின்றார். கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். ஒன்று ஐம்பதுக்கு அவன் நாற்பதாவது சொல்லை முடித்தான். என் தாளை அவரிடம் கொடுத்தேன். ஒன்பது. அவர் அதைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், தாளோடு விறுவிறுவென்று மேலே போனார்.

நான் எழுந்து தாழ்வாரத்தைக் கடந்து அந்த அம்மாவிடம் போனேன். அவ்வளவு நீளமான தாழ்வாரம் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எத்தனை டீச்சர்?"

"ஒம்பதும்மா."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். அழவில்லை. தோள்பையின் வாரை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். "மத்தப் பிள்ளைங்களுக்கு ரூம் தப்பு. சரி. அப்ப இவனுக்கு எந்த ரூம் டீச்சர் சரி?" என்றார்.

பன்னிரண்டு வருடத்துப் பதில்கள் எல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் எத்தனை வழவழப்பு என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. "தெரியலம்மா. இன்னும் தெரியல" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஒலியெல்லாம் அவனுக்குத் தெரியுது, சேக்கறதுலதான் சிக்கல். போன தடவை ஒம்பதாவது சொல்லுல நின்னது அவன் இல்லம்மா. நான்தான் நிறுத்தினேன். இன்னைக்கும் நிறுத்தப் பாத்தேன், 'இருங்க டீச்சர்'னுட்டான். முப்பத்தோரு தப்பு பண்ணிட்டும் எந்திரிக்காம நாப்பதையும் பாத்த பிள்ளைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஆரம்பித்து, அடக்கப் பார்த்தும் அடங்காமல், முகம் முழுக்கப் பரவியது. "அது எங்கிட்டேர்ந்து வந்தது டீச்சர்" என்றார். "ஒரு காலர் படியலைன்னா நானும் விடமாட்டேன். சூப்பர்வைசர் வந்து கத்தினாலும் திரும்பத் திரும்பத் தேய்ப்பேன்."

"வட்டம் இருக்கும்மா. ஆனா விளையாட்டு நேரத்துல அவனை எடுக்க விடமாட்டேன். கட்டை அடுக்கற கை அது. காலைல பெல்லுக்கு முன்னாடி அரை மணி கொண்டாந்து விடுங்க. நான் வந்துடறேன்" என்றேன். "நீங்க வருவீங்களா?" என்றார். வருகிறேன் என்று திரும்பவும் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இஸ்திரி போட்டுப் போட்டுக் காய்த்துப் போன, சூடான கை.

இருவருமாக அவனைக் கூப்பிடத் திரும்பினோம். மேஸ்திரி இன்னும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாற்பது சொற்கள் இருந்த தாள் அவன் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துத் தேடினான், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அப்புறம் அங்கிருந்தே, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"டீச்சர், மீதி எங்க?"